நாக்கில் சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்த பிறகு

நாக்குப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்தவரைக் கிளினிக்குக்குக் கூட்டிவரும் வீட்டார் பெரும்பாலும் முதலில் கேட்பது, "மிஸ், புண் ஆறிட்டுதா?" என்றுதான். புண் அநேகமாகச் சில கிழமைகளில் ஆறிவிடும். விழுங்குவதும் கதைப்பதும் அப்படித் தானாகத் திரும்புவதில்லை. பழக்கினால்தான் வரும். மட்டக்களப்பில் பேச்சு மொழிச் சிகிச்சையாளராக வேலை செய்கிற எனக்கு, நோயாளியைவிடக் கூட வந்திருக்கும் மனைவியிடமும் மகளிடமும்தான் சொல்ல நிறைய இருக்கிறது. டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு நடப்பதெல்லாம் அவர்கள் கையில்தானே.

கட்டி சிறிதென்றால் அந்தப் பகுதியை வெட்டியெடுத்துத் தைத்துவிடுவார்கள். பாதி நாக்கு போகுமளவுக்குப் பெரிதென்றால், பல நேரங்களில் முன்கையிலிருந்து தோலை இரத்தக் குழாயோடு எடுத்து அந்த இடத்தில் பொருத்துவார்கள். கழுத்திலுள்ள நெறிகளையும், அதாவது நிணநீர் முடிச்சுகளையும், பெரும்பாலும் அகற்றுவார்கள். பொருத்திய தோல் வெறும் தோல்தான். ருசி அறியாது, தானாக அசையாது, தொடக்கத்தில் சூடும் தெரியாது. கொதிக்கிற தேத்தண்ணியைக் குடித்து, சுட்டது தெரியாமலே கொப்புளத்தோடு வருபவர்கள் இருக்கிறார்கள். மிஞ்சியிருக்கும் பாதி நாக்குத்தான் இனி முழு நாக்கின் வேலையையும் செய்யப் பழக வேண்டும்.

முதல் நாட்களில் மூக்குக் குழாயால் சாப்பாடு போகும். குழாயோடே வீட்டுக்கு அனுப்பினால் கவனிக்க வேண்டியவை இவை: கஞ்சியை நன்றாக வடித்துக் கொடுங்கள், தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும், கொடுத்து முடிந்ததும் கொதித்தாறிய தண்ணீரால் குழாயைக் கழுவுங்கள். மூக்கருகே போட்ட அடையாளம் நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்கு வாருங்கள்.

குழாயைக் கழற்றியதும் அன்போடு நீட்டப்படுவது ஒரு கப் தண்ணீர், இல்லாவிட்டால் பிளேன்டி. தண்ணீர்தானே, அதில் என்ன ஆபத்து என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் இவர்களுக்கு விழுங்கச் சிரமமானது தண்ணீர்தான். நாக்கு அதைப் பிடித்து வைக்க முடியாததால், தொண்டை மூடத் தயாராகும் முன்பே ஓடிப்போய் மூச்சுக் குழாய்க்குள் இறங்கிவிடும். சற்றுத் தடிப்பானது மெதுவாகப் போகும். நம்மூர் எருமைத் தயிரைக் கட்டியில்லாமல் அடித்தால் அது பலருக்கு நல்ல தொடக்கம். குரக்கன் கூழும் அப்படியே. சோற்றின்மேல் சொதியை ஊற்றிக் கொடுப்பதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். வாயில் சோறு நிற்க, சொதி முந்தி ஓடிவிடும். இரண்டையும் ஒன்றாக அரைத்தால் சரி.

பிட்டு எப்போது சாப்பிடலாம் என்று கேட்காதவர்கள் குறைவு. உதிர்கிற எதுவும் கடைசியில்தான். காய்ந்த மணிகளைத் திரட்டிப் பின்னுக்குத் தள்ளுவது முழு நாக்கு செய்கிற வேலை. சில மாதம் போகட்டும், அப்புறம் பாலில் ஊறவைத்துப் பிசைந்து, தேக்கரண்டி அளவில் தொடங்கலாம்.

சாப்பிடும்போது நிமிர்ந்து இருக்க வேண்டும். படுத்தபடி ஒரு வாய்கூட வேண்டாம். சின்னக் கரண்டியால் நல்ல பக்கத்தில் வையுங்கள். ஒரு வாய்க்கு இரண்டு தரம் விழுங்கச் சொல்லுங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். தலையை எந்தப் பக்கம் சரிப்பது, நாடியைத் தாழ்த்துவதா என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபடும். பக்கத்து வார்டில் இருந்தவருக்குச் சொன்னதைப் பார்த்துச் செய்யாதீர்கள். சாப்பிடும்போது இருமல், பிறகு குரல் தண்ணீர் நிறைந்ததுபோலக் கேட்பது, காரணமில்லாத காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் உடனே காட்டுங்கள். சிலருக்கு உணவு நுரையீரலுக்குள் போனாலும் இருமலே வராது. அதனால்தான் அந்தக் காய்ச்சலைப் பனடோலோடு விடக்கூடாது.

அடுத்தது கிரந்தி, அதாவது சில சாப்பாடு புண்ணை ஆற விடாது என்ற நம்பிக்கை. முட்டை கிரந்தி, மீன் கிரந்தி, இறால் கேட்கவே வேண்டாம். கடைசியில் அந்த மனிசனுக்குக் கிடைப்பது வடித்த கஞ்சித் தண்ணி. மாதக் கடைசியில் சட்டை தொங்கும். வெட்டிய இடம் ஆறப் புரதம் வேண்டும். கொடுவா மீனை அவித்து முள் நீக்கிக் கஞ்சியோடு அரைத்துக் கொடுங்கள், முட்டையை நன்றாக அவித்து மசித்துச் சேருங்கள், பால்மா கலவுங்கள். உண்மையிலேயே ஒவ்வாமை இருந்தால் வேறு கதை. மற்றப்படி, வயதானவர்களுக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன், இந்தப் பத்தியம் புண்ணை ஆற விடாது. கிழமைக்கு ஒருதரம் நிறை பார்த்துக் கிளினிக் கொப்பியில் எழுதி வாருங்கள்.

இனிப் பேச்சு. ப, ம, வ மூன்றும் உதட்டில் பிறப்பவை, நாக்கு தேவையில்லை. அதனால் அம்மா, அப்பா, உம்மா, வாப்பா எல்லாம் முதல் நாட்களிலேயே தெளிவாக வரும். வீட்டாரும் பேச்சு வந்துவிட்டதென்று சந்தோசப்படுவார்கள். தேத்தண்ணி கேட்கும்போதுதான் சிக்கல். த, ந, ல, ர எல்லாவற்றுக்கும் நாக்கு நுனி வேண்டும். ட, ண, ள, ழ இன்னும் கடினம், நுனி மேலே வளைய வேண்டும். இரண்டு தரம் சொல்லி விளங்காவிட்டால் மனிசன் கையைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்.

அங்கேதான் வீட்டாரின் பாசம் குறுக்கே நிற்கிறது. "மிஸ், வாப்பாக்கு ஒண்டும் கதைக்க ஏலா, என்னட்டக் கேளுங்க" என்று மகள் முந்திக்கொள்வார். வாப்பா தலையாட்டுவார். கடைக்கு மகன் போவான், போனை மனைவி எடுப்பார். ஒரு மாதத்தில் அவர் வாய் திறக்கத் தேவையே இருக்காது, பாவிக்காத நாக்கு இறுகியும் போகும். செய்ய வேண்டியது கடினமில்லை. அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருங்கள். விளங்காவிட்டால் விளங்கியதுபோல் நடிக்காமல் திரும்பக் கேளுங்கள். மெதுவாக, துண்டு துண்டாகச் சொல்லச் சொல்லுங்கள். தினமும் சத்தமாக வாசிப்பது நல்ல பயிற்சி. பத்திரிகையோ தேவாரமோ ஓதலோ, அவருக்கு எது பழக்கமோ அது. தையல் ஆறி வைத்தியர் சம்மதித்த பிறகே நாக்குப் பயிற்சிகளைத் தொடங்க வேண்டும். கழுத்தில் வெட்டியவர்களுக்குத் தோள் தூக்கச் சிரமம் வரலாம், அதற்கு உடற்பயிற்சிச் சிகிச்சையாளரைப் பாருங்கள்.

கதிர்ச் சிகிச்சை, அதாவது நம்மவர் சொல்கிற கரண்ட் பிடித்தல், எல்லாருக்கும் தேவைப்படாது. தேவை என்றால் சத்திரசிகிச்சை முடிந்து ஆறு கிழமைக்குள் தொடங்குவது நல்லது. கிழமைக்கு ஐந்து நாள் வீதம் சுமார் ஆறு கிழமை நடக்கும். "வெள்ளாண்மை வெட்டு முடியட்டும்" என்று தள்ளிப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையில் கோபம் வரும். நோய் அறுவடைக்குக் காத்திருக்காது. பழுதான பற்களைக் கதிருக்கு முன்பே கழற்ற வேண்டும். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகக்கூடும். பத்து வருடம் கழித்துப் பல் வைத்தியரிடம் போனாலும் கரண்ட் பிடித்ததை முதலில் சொல்லுங்கள்.

கதிரால் வாய் காயும், புண்படும், ருசி மாறும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாய் காய்வது இன்னும் கூடும். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து அடிக்கடி கொப்பளிக்கலாம், விழுங்கக் கூடாது. மதுசாரம் கலந்த கடை மருந்து வேண்டாம், எரியும். வாய் திறப்பும் குறையலாம். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கிடையே வைத்துப் பார்ப்பது எளிய சோதனை. முன்பு போனது இப்போது போகவில்லையென்றால் அடுத்த திகதிவரை இருக்காமல் வாருங்கள். இறுகிய பிறகு திறப்பது பெரும்பாடு. நோன்பு, விரதம் பற்றிக் கேட்கிறவர்களுக்கு என் பதில்: நிறை குறைந்துகொண்டிருக்கும்போது வேண்டாம். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு.

நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள்தான். அதனால் அந்தக் காலத்தில் கிளினிக் திகதிகளைத் தவற விடாதீர்கள். இரண்டு கிழமையில் ஆறாத புண், கழுத்தில் புதிய கட்டி, ஒரு பக்கக் காது வலி, இவற்றுக்குத் திகதி பார்க்கத் தேவையில்லை. வெற்றிலையை விட்டாரா என்று கேட்டால், "புகையிலை இல்லாமத்தான் போடுறன்" என்பார்கள். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்திவிட்டது. வீட்டில் வெற்றிலைத் தட்டான வட்டா திண்ணையிலேயே இருந்தால் அவரால் விட முடியாது. பல வீடுகளில் அந்த வட்டா மனைவியுடையது. அவரும் துணைக்கு வந்து வெளி வாங்கில் இருப்பார். அவர் வாயையும் அன்றைக்கே காட்டுங்கள், டோர்ச் அடித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.