மின்னெதிர்ப்பு: சப்வூஃபரின் முதுகில் இருக்கும் ஓம் எது?

"4 ஓம் மின்தடை உள்ள சப்வூஃபரையும் 2 ஓம் மின்தடை உள்ளதையும் ஒரே ஆம்ப்பில் இணைக்கலாமா?" பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரையும் அதை ஓட்டும் பெருக்கியான ஆம்ப்பையும் பற்றித் தமிழில் வரும் கார் ஆடியோ குறிப்புகளில் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. விடை சொல்பவர்களும் அதே சொல்லிலேயே சொல்கிறார்கள். கேள்வி சரியானது, சொல் தவறு. சப்வூஃபரின் காந்தத்தின் மேல் அச்சிட்டிருக்கும் 4 ஓம், அதன் இம்பீடன்ஸ், அதாவது மின்னெதிர்ப்பு. மின்தடை வேறு. இரண்டையும் ஓமில் அளக்கிறோம் என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது.

இம்பீடன்ஸ் என்ற சொல்லை 1886இல் ஆக்கியவர் ஆலிவர் ஹெவிசைடு என்ற ஆங்கிலேயர். இலத்தீனில் காலைப் பிணைப்பதைக் குறிக்கும் வினையே அதன் வேர். மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஒரு சுற்று காட்டும் மொத்த எதிர்ப்பு என்பது பொருள். கம்பியின் தடை அதில் ஒரு பங்கு. சுருளும் மின்தேக்கியும் அலைவெண்ணுக்குத் தக்கபடி காட்டும் மறுப்பு (ரியாக்டன்ஸ்) இன்னொரு பங்கு. அலைவெண் மாறினால் இம்பீடன்ஸும் மாறும். மின்தடை அப்படி மாறாது.

மின்தடை என்ற சொல்லின் மேல் நாம் ஏற்கெனவே போதிய சுமையை ஏற்றியிருக்கிறோம். "நாளை மின்தடை" என்று நாளிதழில் வந்தால் கரண்ட் இருக்காது என்று பொருள். பாடநூலில் அது ரெசிஸ்டன்ஸ். தடை தருவதற்கென்றே சுற்றில் போடும் பாகமான ரெசிஸ்டரையும் பலர் அப்படியே அழைக்கிறார்கள். இப்போது இம்பீடன்ஸையும் அதன் தலையில் வைத்தால் படிப்பவர் எதைப் புரிந்துகொள்வார்?

புரியாமல் போவதோடு நிற்பதில்லை, பணமும் போகிறது. 4 ஓம் சப்வூஃபரின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 3.2 முதல் 3.6 வரை காட்டும். மீட்டர் காட்டுவதுதான் மின்தடை. "மின்தடை 4 ஓம்" என்று படித்தவர் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளான காயில் (coil) கருகிவிட்டது என்றோ, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றோ நினைத்துவிடுகிறார். இன்னொரு கேடு இதைவிடப் பெரியது. ஒரு சப்வூஃபருக்குத் தடை 2 ஓம், மற்றதற்கு 4 ஓம் என்றால், 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வாங்கித் தொடரில் (சீரிஸில்) போட்டுச் சமன்செய்துவிடலாம் என்று தோன்றும். சொல்லே அந்த வழியைக் காட்டுகிறது. அப்படிச் செய்தால் அந்தக் கிளைக்குப் போகும் சக்தியில் ஏறக்குறைய பாதி ரெசிஸ்டரில் சூடாகவே தீரும். கூம்பின் மேல் ஆம்ப்புக்கு இருக்கும் பிடியும் தளர்ந்து, பேஸ் இழுபட்டுக் குழையும். ரெசிஸ்டர் எப்போதும் 2 ஓம்தான். சப்வூஃபரோ தன் ஒத்ததிர்வு அலைவெண்ணில், அதாவது அது இயல்பாகவே அதிரும் அலைவெண்ணில், 20, 30 ஓம் வரை ஏறி, மறுபடி இறங்குகிறது. ஏறி இறங்குகிற ஒன்றை நிலையான ஒன்றால் சமன்செய்ய முடியாது.

வேறுவேறு சப்வூஃபர்களைச் சேர்க்கும்போது முடிவைத் தீர்மானிப்பது இந்த ஏற்ற இறக்கமே. பேரலலில், அதாவது பக்க இணைப்பில் போட்டால், 4 ஓமும் 2 ஓமும் சேர்ந்து 1.33 ஓம். 1 ஓம் தாங்கும் மோனோபிளாக் (ஒற்றைச் சேனல்) ஆம்ப் வேண்டும். 2 ஓம் வரை மட்டும் தாங்கும் ஆம்ப் புரொடெக்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிடும். சக்தியும் சரிபாதியாகப் பிரியாது. அந்தச் சுமைக்கு ஆம்ப் 900 வாட் தருகிறது என்றால் 2 ஓம் சப்வூஃபருக்கு 600, 4 ஓமுக்கு 300. எது குறைவாகத் தாங்குமோ அதற்கேற்பவே ஆம்ப்பின் பெருக்க அளவான கெய்னை வைக்க வேண்டும். சீரிஸில் போட்டால் 6 ஓம். ஆம்ப் பாதுகாப்பாக இருக்கும், ஒலி கெடும். 12 அங்குலச் சப்வூஃபர் 30 ஹெர்ட்சில் 25 ஓமுக்கு ஏறியிருக்கும்போது 10 அங்குலம் 4 ஓமில் இருந்தால், மின்னழுத்தம் 25க்கு 4 என்று பிரிகிறது. சின்னது அந்தச் சுரத்தில் வாயை மூடிக்கொள்ளும். ஒரே மாதிரியான இரண்டு, ஒரே மாதிரியான பெட்டியில் இருந்தால் சீரிஸ் தொல்லை தராது. வேறுவேறு என்றால் சீரிஸ் வேண்டவே வேண்டாம். ஒன்று மூடிய பெட்டி, மற்றது போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டி என்றால் பேரலலும் தவிர்க்க வேண்டியதே. இரண்டின் கட்டமும் (அலை ஏறி இறங்கும் நேரம்) ஒத்துப்போகாமல் சில அலைவெண்களில் ஒன்றை ஒன்று அழிக்கும். மிகத் தாழ்ந்த அலைவெண்களை வெட்டுவதற்காகப் போர்ட் பெட்டிக்குத் தேவையான சப்சோனிக் ஃபில்டர் மூடிய பெட்டியின் அடிப்பேஸையும் சேர்த்து வெட்டிவிடும்.

இனி மாற்றுச் சொற்களுக்கு வருவோம். இம்பீடன்ஸை மின்மறுப்பு என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். மின்தடை என்பதைவிட இது எவ்வளவோ மேல், ஆனாலும் ஏற்க முடியவில்லை. தூண்டல் மின்மறுப்பு, மின்தேக்கு மின்மறுப்பு என்று ரியாக்டன்ஸுக்கு அந்தச் சொல் வேலை செய்துகொண்டிருக்கிறது. பகுதியின் பெயரையே முழுமைக்கும் வைத்தால், "மின்தடையும் மின்மறுப்பும் சேர்ந்தது மின்மறுப்பு" என்று எழுத நேரும். மறுப்பு என்றால் ஏற்காமை. மின்தேக்கி வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதற்குத்தான் அந்தச் சொல் பொருந்தும்.

வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு மின்தளை என்று ஆக்கலாமே என்றும் கேட்கலாம். காலைப் பிணைப்பது தளைதான், அழகான சொல்லுங்கூட. ஆனால் யாப்பில் தளை சீரையும் சீரையும் இணைப்பது. இணைப்பு வகைகளைப் பேசும் இடத்தில், கம்பி இணைப்பைத்தான் சொல்கிறார்களோ என்று தோன்றிவிடும். இலத்தீன் வேரைத் தமிழில் நட்டால் முளைக்கும் என்பதில்லை. வேரைப் பார்த்தால் எதிர்த்து நிற்பது ரெசிஸ்டன்ஸ் அல்லவா, எதிர்ப்பு அதற்கல்லவா போக வேண்டும் என்ற வாதமும் அந்த வகைதான். ரெசிஸ்டன்ஸ் நம் பாடநூல்களில் தடை என்று ஊன்றிவிட்டது. அதைப் பிடுங்க வேண்டியதில்லை.

மின்னெதிர்ப்பு என்பதே சரி. சப்வூஃபரில் அது சொல்லுக்குச் சொல் உண்மை. காந்த இடைவெளியில் அசையும் காயில் தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கி, ஆம்ப் தருவதை எதிர்க்கிறது. ஒத்ததிர்வில் 30 ஓம் வருவது அந்த எதிர்ப்பால்தான். கம்பி கொஞ்சமும் மாறவில்லை. பட்டறையில் "எத்தனை ஓம்ஸ்?" என்று கேட்டால் போதும், இம்பீடன்ஸ் என்றே சொன்னாலும் கேடில்லை. தமிழில் எழுதுகிறேன் என்று இறங்குபவர்தான் மின்தடை என்று எழுதக் கூடாது.

கையேடுகளை மொழிபெயர்ப்பவர்களிடம் இன்னும் சில குறைகள் உண்டு. நாமினல் இம்பீடன்ஸ் என்பதைப் "பெயரளவு மின்தடை 4 ஓம்" என்று எழுதுகிறார்கள். தமிழில் பெயரளவுக்கு என்றால் ஒப்புக்கு என்று பொருள். குறிமதிப்பு என்று எழுதலாம். அந்த எண் ஒப்புக்குப் போட்டதும் அன்று: பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 60268-5 தரத்தின்படி உண்மையான மின்னெதிர்ப்பு குறிமதிப்பில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. 4 ஓம் என்றால் 3.2. 2 ஓம் ஸ்டேபிள் ஆம்ப் என்பதை "2 ஓம் நிலையான பெருக்கி" என்றால் யாருக்கும் விளங்காது. 2 ஓம் வரை தாங்கும் என்று எழுதினால் விளங்கும். மிகத் தீங்கானது "இரட்டை 4 ஓம்". எட்டு என்றும் படிக்கலாம், இரண்டு என்றும் படிக்கலாம். "4 ஓம் காயில் இரண்டு, சீரிஸில் 8, பேரலலில் 2" என்று முழுதாக எழுத வேண்டும். அப்படிப்பட்ட சப்வூஃபர் இரண்டை வாங்கி நான்கு காயிலையும் பேரலலில் போட்டால் 1 ஓம். ஒவ்வொன்றின் காயில்களையும் சீரிஸில் போட்டு, பிறகு இரண்டையும் பேரலலாக்கினால் 4 ஓம். ஆம்ப்பின் முதுகில் எழுதியிருக்கும் கீழெல்லையைப் பார்த்துவிட்டுத்தான் இதில் எது என்று முடிவு செய்ய வேண்டும்.