எல்இடி அணைந்த பிறகும் ஓடும் மின்னோட்டம்

இரண்டு சுற்றுகளுக்கு நடுவே சிக்னலைக் கடத்தும் சிறு பாகம் ஆப்டோகப்ளர். அதற்குள் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்இடி, எதிர்ப்பக்கம் ஃபோட்டோ டிரான்சிஸ்டர். இடையில் கம்பித் தொடர்பு கிடையாது. சிக்னல் ஒளியாகத் தாண்டுகிறது. எல்இடி எரிந்தால் டிரான்சிஸ்டர் கடத்தும், அணைந்தால் நிற்கும். ஆனால் முழுசாக நிற்பதில்லை.

டிரான்சிஸ்டருக்கு கலெக்டர், பேஸ், எமிட்டர் என மூன்று முனைகள். ஒளி விழும்போது கலெக்டர்-பேஸ் சந்தியில் எலக்ட்ரான்-துளை ஜோடிகள் பிறக்கின்றன. வெப்பமும் அதே வேலையைச் செய்யும், கும்மிருட்டிலும் கூட. அந்தச் சிறு கசிவு, வெளியே இணைக்கப்படாத பேஸ் வழியாகப் பாய்ந்து, டிரான்சிஸ்டராலேயே பெருக்கப்படுகிறது. இதற்கு இருட்டு மின்னோட்டம் என்று பெயர்.

பிசி817 என்ற ஆப்டோகப்ளரின் டேட்டாஷீட்டில் இது அதிகபட்சம் 100 நானோ ஆம்பியர். வெளியீட்டைச் சப்ளையோடு இணைக்கும் மின்தடைக்குப் புல்-அப் என்று பெயர். 10 கிலோ ஓம் புல்-அப்பில் வெறும் 1 மில்லிவோல்ட் இழப்பு, கண்டுகொள்ளவே வேண்டாம். ஆனால் அந்த எண் 25 டிகிரி செல்சியஸுக்கானது. தோராயமாக ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கசிவு இரட்டிப்பாகும். மூடிய பெட்டிக்குள் 85 டிகிரி என்றால் 64 மடங்கு, அதாவது 6.4 மைக்ரோ ஆம்பியர். 10 கிலோ ஓமில் இப்போதும் 64 மில்லிவோல்ட்தான். பேட்டரியை மிச்சப்படுத்த 1 மெகா ஓம் போட்டிருந்தால்? கணக்குப்படி 6.4 வோல்ட் இழப்பு, சப்ளையோ 5 வோல்ட்! எல்இடி அணைந்திருந்தும் வெளியீடு 'லோ'விலேயே (பூஜ்ய வோல்ட்டுக்கு அருகிலேயே) கிடக்கும். மேசையில் ஒழுங்காக ஓடிய போர்டு வெயிலில் தகராறு செய்தால், நான் முதலில் பார்ப்பது இந்தப் புல்-அப்பைத்தான்.

அதற்காக மின்தடையை இஷ்டத்துக்குக் குறைக்கவும் முடியாது. மின்தடை குறையக் குறைய, வெளியீட்டை 'லோ'வுக்கு இறக்க டிரான்சிஸ்டர் அதிக மின்னோட்டத்தை இழுக்க வேண்டும். எல்இடி வயதாகி மங்கும்போது அந்தத் திறன் குறையும். 4என்35 போல பேஸ் கால் வெளியே உள்ள வகைகளில் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே ஒரு மின்தடை போடலாம். கசிவு பெருகாமல் அதன் வழியே வடிந்துவிடும், அணையும் வேகமும் கூடும். உணர்திறன் கொஞ்சம் போகும்.

உள்ளீட்டுப் பக்கத்தில் வேறு வகைக் கசிவு. எல்இடியோடு இணைத்த இரண்டு கம்பி சென்சார், தான் உயிரோடு இருக்கவே, 'ஆஃப்' நிலையிலும் சிறிது மின்னோட்டம் இழுக்கும். அது 1 மில்லி ஆம்பியர் என்றால், எல்இடியை மங்கலாக எரியவிடும். எல்இடிக்கு இணையாக 680 ஓம் போட்டால் அங்கே 0.68 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. எல்இடிக்குச் சுமார் 1.2 வோல்ட் வேண்டும். சரி, 'ஆன்' ஆகும்போது? அந்த மின்தடை 1.8 மில்லி ஆம்பியரைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். தொடர் மின்தடையைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.