மரத்திலிருந்து விழுந்த காலும் வண்டியில் அடிபட்ட காலும்

மாசி, பங்குனி வந்தால் தர்மபுரி மாவட்டத்தின் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் புளி உலுக்கும் வேலை. கிளை முறிந்து கீழே விழுந்த ஒருவருக்குத் தொடை எலும்பு உடைகிறது. அதே நாளில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரி இடித்து, இருசக்கர வண்டியில் போன இன்னொருவருக்கும் தொடை எலும்பு உடைகிறது. எக்ஸ்ரே படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. இருவருக்கும் எலும்புக்குள் ராடு வைக்க வேண்டும் என்றுதான் மருத்துவர் சொல்வார். ஆனால் செலவை ஏற்கும் திட்டம் இருவருக்கும் ஒன்றல்ல. எங்கள் பக்கத்தில் பலர் தடுமாறுவது இங்கேதான்.

வண்டியில் அடிபட்டவருக்கு உரியது ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய திட்டம். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கிய எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை வேண்டாம், வருமானம் கேட்பதில்லை, பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக வந்தவராக இருந்தாலும் சரி. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும். 81 வகைச் சிகிச்சைகள் இதில் அடங்கும். ஒருவருக்கான உச்சவரம்பு தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய். பிறகு 2 லட்சமாக உயர்த்தப்பட்டது.

48 மணி நேரம் முடிந்த பிறகு என்ன? காப்பீட்டு அட்டை உள்ளவர், அந்த மருத்துவமனை காப்பீட்டுத் திட்டத்திலும் இருந்தால் அங்கேயே தொடரலாம். அட்டை இல்லாதவர் நிலை சீரானதும் அரசு மருத்துவமனைக்கு மாற வேண்டும், அல்லது கைக்காசு கட்ட வேண்டும். அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவர் தன் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது. போலீசுக்குப் பயந்து வண்டியை ஓரம் கட்டாமல் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புளியமரத்திலிருந்து விழுந்தவருக்கு இந்த 48 மணி நேரக் கணக்கு இல்லை. கிணற்று மேட்டில் வழுக்கியவருக்கும், குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பாட்டிக்கும் இல்லை. அவர்களுக்கு உரியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வெளிமாநிலத்தவரும், ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருப்பதாகத் தொழிலாளர் துறையின் சான்று பெற்றால் சேரலாம்.

அட்டை வாங்குவது கடினமல்ல. ரேஷன் அட்டை, ஆதார், வருவாய்த் துறையின் வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனால் போதும். சிக்கல் பெரும்பாலும் ரேஷன் அட்டையில்தான் இருக்கிறது. திருமணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு அட்டையிலேயே இருக்கும். புதிதாகப் பிறந்த பிள்ளையின் பெயர் எதிலுமே இருக்காது. கால் உடைந்த அன்று இதைச் சரிசெய்ய ஓடுவது எவ்வளவு பெரிய துன்பம் என்று ஓடியவர்களைக் கேட்டால் தெரியும்.

“அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம்தானே, அட்டை எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. அட்டை இல்லையென்று தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, கிருஷ்ணகிரி போலுப்பள்ளியில் உள்ளதிலோ யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் அட்டை இருந்தால் அந்தச் சிகிச்சைக்கான தொகை காப்பீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வருகிறது. பிளேட், ராடு, செயற்கை மூட்டு போன்றவை வாங்க அந்தப் பணம் உதவுகிறது. அதனால்தான் அட்டையைக் கேட்கிறார்கள்.

தனியார் மருத்துவமனை என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திட்டத்தின் தொகுப்புத் தொகையில் பொது வார்டு, அறுவை சிகிச்சை, மயக்க மருந்து, மருந்துகள் எல்லாவற்றோடும் உள்ளே வைக்கும் உலோகமும் சேர்த்திதான். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம், “ஐயா, ஆபரேஷன் இலவசம், பிளேட்டுக்கு மட்டும் கட்டிவிடுங்கள்” என்றார்கள். அவர் மகன் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் பேசிய பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது. தனி அறை கேட்டால் நிலைமை வேறு. அது நம் விருப்பம், நம் செலவு. அறுவை சிகிச்சைக்கு முன் எக்ஸ்ரேயும் மருத்துவக் குறிப்பும் அனுப்பி முன் அனுமதி வாங்குவது மருத்துவமனையின் வேலை.

இனி எலும்பு முறிவுக்கு நாட்டு முறையில் போடும் புத்தூர் கட்டு. விழுந்தவுடன் ஆந்திரத்துக்குப் பஸ் ஏறும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. என் தாத்தாவும் கட்டுப் போட்டுக்கொண்டவர்தான். ஆனால் தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால் கட்டுக்குப் போகாமல் மருத்துவமனைக்கே போக வேண்டும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய பிறகு விரல்கள் மரத்து நீலம் பாய்ந்தால், அது ரத்த ஓட்டம் நிற்கும் அறிகுறி. காலையே இழக்க நேரிடலாம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு இன்னொரு நட்டமும் உண்டு: கட்டுக்காகச் செலவழித்த இரண்டு நாள்களும் அந்த 48 மணி நேரத்திலிருந்துதான் கழிகின்றன. மருத்துவமனையில் உடனே விபத்துப் பதிவேட்டில் எழுதியிருந்தால், பின்னால் இழப்பீட்டு வழக்கு போடும்போது அந்தப் பதிவுதான் முதல் சான்று.

முழங்கால், இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைகளும் முதலமைச்சர் காப்பீட்டில் உண்டு. வருமான வரம்பைத் தாண்டியவர்களுக்கு ஒரு சிறு ஆறுதல்: 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுக்கு விலை உச்சவரம்பு வைத்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது 54,720 ரூபாய், வரி தனி. ஆனால் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மூட்டு வலி என்றதும் கத்தியை நினைக்கக் கூடாது. நிலத்தடி நீரின் ஃபுளோரைடு எலும்பையும் மூட்டையும் விறைக்க வைக்கும். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான்.

வீடு திரும்பிய பிறகு காலை மடக்கி நீட்டப் பயிற்சி வேண்டும். அதற்காக ஆட்டோ பிடித்து அலைய வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் சொல்லிவிட்டு, எந்தக் கிழமை வருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.