செயலாராய்ச்சி: சொல்லும் பொருளும்

பி.எட்., டி.எல்.எட். ஆகிய ஆசிரியர் பயிற்சிப் படிப்புகளில் ‘ஆக்‌ஷன் ரிசர்ச்’ எனப்படுவதற்குத் தமிழில் நிலைத்துவிட்ட சொல் செயலாராய்ச்சி. ஆசிரியர் தம் வகுப்பில் காணும் ஒரு சிக்கலைப் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ந்து, ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, விளைவை அளந்து, கற்பிக்கும் முறையைத் திருத்திக்கொள்வது இது. முடிவு எல்லாப் பள்ளிகளுக்கும் பொருந்த வேண்டியதில்லை. அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயன்பட்டால் போதும்.

இந்தக் கருத்தைப் பரப்பியவர் சமூக உளவியலாளர் கர்ட் லெவின். 1933இல் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா சென்ற அவர், சிறுபான்மையினர் சிக்கல்கள் பற்றி 1946இல் எழுதிய கட்டுரையில், திட்டமிடல், செயல், விளைவறிதல் என்று சுற்றிச் சுற்றி மேலேறும் படிகளாக இதை விளக்கினார். பள்ளிக்குள் இதை வலுவாகக் கொண்டுவந்தது, கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் ஸ்டீஃபன் கோரி 1953இல் வெளியிட்ட நூல். பிரிட்டனில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் ‘ஆசிரியரே ஆய்வாளர்’ என்று வாதிட்டார்.

தமிழில் செயல் ஆய்வு, செயல்முறை ஆராய்ச்சி என்றும் எழுதுகிறார்கள். இலங்கையில் செயல்நிலை ஆய்வு என்பது வழக்கு. தமிழ்நாட்டில் செயலாராய்ச்சியே பொருத்தம். இங்கே பள்ளியில் ‘ஆய்வு’ என்றாலே அதிகாரி பார்வையிட வருவதுதான் முதலில் நினைவுக்கு வரும். செயல்வழிக் கற்றலோடும் இதைக் குழப்பக் கூடாது. அது பிள்ளைகள் கற்கும் முறை, இது ஆசிரியர் தம் பணியை ஆராயும் முறை.

தொடக்க வகுப்புகளில் அடிக்கடி எடுக்கப்படும் தலைப்பு ஈடுபாடு. பெரும்பாலும் பிழை நேர்வதும் இதில்தான். கைகட்டி வாய்பொத்தி உட்கார்ந்திருப்பதை ஈடுபாடு என்று குறித்துவிடுகிறார்கள். தலைகுனிந்து கதையில் வந்த யானையை வரைந்துகொண்டிருக்கும் குழந்தை ‘கவனமில்லை’ பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே எது ஈடுபாடு என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்: பேசுபவரையோ பாடப்பொருளையோ பார்ப்பது, பாடம் சார்ந்து பேசுவது, எழுதுவது, வரைவது, செய்வது.

‘மாணவர் ஆர்வம் குறைவு’ என்பது ஆராயக்கூடிய சிக்கல் அல்ல. ‘இரண்டாம் வகுப்பில் கதை நேரத்தின் பிற்பாதியில் பலரின் கவனம் சிதறுகிறது’ என்றால் கையில் பிடிக்கலாம். 20 நிமிடப் பாடத்தில் 4 நிமிடத்துக்கு ஒருமுறை, வரிசையாக ஒவ்வொரு குழந்தையையும் ஒரு கணம் பார்த்து, பெயருக்கு நேரே சரி அல்லது தவறு என்று குறியிட வேண்டும். 24 குழந்தைகள், 5 முறை, ஆக 120 குறிகள். 66 சரி என்றால் 55 விழுக்காடு. 5 நாள் இப்படிக் குறித்தால் அதுவே பின்னால் ஒப்பிடுவதற்கான தொடக்க நிலை. பாடம் நடத்துபவரே குறிக்க முயன்றால் இரண்டும் கெடும். இன்னொரு ஆசிரியர் குறிக்கலாம். ஈராசிரியர் பள்ளியில் அது முடியாதபோது, பெற்றோர் அனுமதியோடு மூலையில் கைபேசியை வைத்துப் பதிவு செய்து, பிறகு பார்த்துக் குறிக்கலாம்.

அடுத்து செயல் கருதுகோள், அதாவது எதை மாற்றினால் என்ன விளையும் என்ற ஊகம்: ‘கதையை 5 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லச் செய்தால் ஈடுபாடு கூடும்.’ இந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கூடவே பொம்மை, பாட்டு, புது இருக்கை வரிசை என்று சேர்த்தால் எது பலன் தந்தது என்றே தெரியாது. முதல் வாரக் கலகலப்பை நம்ப வேண்டாம். புதுமையே பாதி வேலை செய்துவிடும். 3, 4 வாரம் தொடர்ந்து நடத்தி, அதே நேரத்தில், அதே அட்டவணையில் மீண்டும் 5 நாள் குறித்துத்தான் ஒப்பிட வேண்டும்.

வகுப்புச் சராசரியோடு அறிக்கையை முடித்துவிடுவது பெருங்குறை. 24 பேரில் ஒருவரின் மாற்றமே 4 விழுக்காட்டுக்கு மேல். பெயர்வாரியாகப் பார்த்தால், சராசரி நன்றாக ஏறியும் ஓரிருவர் இருந்த இடத்திலேயே இருப்பது தெரியும். அந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை சரியாகத் தெரிகிறதா, காது கேட்கிறதா, வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவதால் கதையின் சொற்களே பிடிபடவில்லையா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் சுற்றின் கேள்வி அந்தப் பெயர்களிலிருந்துதான் எழ வேண்டும்.