நேற்று ஓடிய டெஸ்க்டாப் இன்று ஏன் வரவில்லை?

"நேற்று மாலை லினக்ஸில் அப்டேட் போட்டேன். இரவு வரை நன்றாக ஓடியது. காலையில் பாஸ்வேர்டைச் சரியாக அடித்தும், திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி லாகின் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. ராத்திரியில் என்னதான் நடந்தது?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

ராத்திரியில் ஒன்றும் நடக்கவில்லை. நேற்று இரவு அவர் முன்னால் ஓடிக்கொண்டிருந்ததே பெரும்பாலும் பழைய டெஸ்க்டாப்தான்.

லினக்ஸில் கோப்பு வேறு, அதன் பெயர் வேறு. கோப்பின் அளவு, உரிமை, வட்டில் அது இருக்கும் இடம் எல்லாம் ஐநோடு என்ற பதிவில் இருக்கும். அதற்கு எண் மட்டும்தான் உண்டு. பெயர் என்பது, அந்த எண்ணைக் காட்டும் ஒரு வரி. அது ஃபோல்டரில் இருக்கிறது. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில், மென்பொருளை நிறுவும் டிபிகேஜி என்ற கருவி, நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நூலகக் கோப்பு ஒன்றைப் புதுப்பிக்கும்போது பழையதன் மேல் எழுதுவதில்லை. புதியதைப் பக்கத்திலேயே தற்காலிகப் பெயரில் எழுதி வைத்துவிட்டு, கடைசியில் பழைய பெயரை அதற்குச் சூட்டுகிறது. அந்த நொடியில் பழைய ஐநோடு பெயரை இழக்கிறது, உயிரை இழப்பதில்லை. ஏதாவது ஒரு நிரல் அதைப் பிடித்திருக்கும்வரை, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அதன் இடத்தை விடுவிக்காது. அதுவரை நினைவகத்துக்கு ஏற்றாத ஒரு பகுதி திடீரெனத் தேவைப்பட்டால்கூட, பெயரில்லாத அந்தக் கோப்பிலிருந்துதான் வரும். ஓடும் நிரல்களின் விவரங்களைக் கர்னல் காட்டும் ப்ராக் ஃபோல்டரில், அந்த நிரலின் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டருக்குள் போய் மேப்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள்: நூலகத்தின் பாதையை ஒட்டி 'டெலீட்டட்' என்று இருக்கும். 1970-களின் யூனிக்ஸிலிருந்து வந்த ஏற்பாடு இது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

காலையில் கணினியைப் போட்டதும் எல்லா நிரலும் பெயரைச் சொல்லித்தான் கோப்பைத் தேடும், கிடைப்பதெல்லாம் புதியவை. பாஸ்வேர்டை பாம் என்ற லாகின் பகுதி சரிபார்த்து உள்ளே விட்டுவிடுகிறது. பிறகு தொடங்கும் டெஸ்க்டாப், அதில் கூடுதலாகச் சேர்த்த பழைய எக்ஸ்டென்ஷனிலோ புதிய கர்னலுக்கு ஒத்துவராத கிராபிக்ஸ் டிரைவரிலோ இடித்து விழுகிறது. செஷன் முடிந்துவிட்டது என்று லாகின் திரை திரும்பி வருகிறது.

உடனே ஃபார்மட் செய்யச் சொல்பவர்கள் நிறைய. காரணம் பார்க்காமல் செய்யும் ஃபார்மட் வெறும் மூடநம்பிக்கை என்பது என் உறுதியான கருத்து. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அதில் லாகின் செய்து, வட்டு நிரம்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, கணினியின் பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் இன்றைய பதிவுகளைப் படியுங்கள். விழுந்த நிரலின் பெயர் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அதுவும் புரியாவிட்டால், புதிதாக ஒரு பயனர் கணக்கைத் தொடங்கி அதில் லாகின் செய்யுங்கள். டெஸ்க்டாப் திறந்தால், கோளாறு உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் அமைப்புக் கோப்புகளில்தான்.