காசு போட்டால் ஆட்டம் சமனாகிவிடாது

"எல்லாரும் காசு போடுறாங்களாம் தம்பி, போடாட்டி வெல்ல ஏலாதாம்." போன கிழமை மூதூரிலிருந்து வந்த ஒரு தாய் சொன்னது இது. கணவர் கட்டாரில் வேலை. வீட்டுச் செலவுக்கு அவர் அனுப்பிய பணத்தில் பெரும்பகுதி, பிளே ஸ்டோரில் பதிந்திருந்த வங்கி அட்டை வழியாக, மகன் போனில் விளையாடும் ஃப்ரீ ஃபயர் என்ற சுடும் விளையாட்டின் டயமண்டாக, அதாவது அதற்குள் பொருள் வாங்கும் நாணயமாக, மாறிப் போயிருந்தது. பணம் போனதைவிட அவர் அடுத்துக் கேட்டதுதான் என்னைப் பதறவைத்தது. இன்னும் கொஞ்சம் போட்டுக் கொடுத்தால் மகன் மற்றப் பிள்ளைகளோடு சமனாக விளையாடுவானா என்று கேட்டார்.

திருகோணமலையில் போன் திருத்துவது என் தொழில். கிண்ணியாவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் பாலையூற்றிலிருந்தும் வருகிற பெற்றோரிடம் இதே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இனி எழுதியே வைத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

இலவச விளையாட்டில் காசு வாங்கிக்கொண்டு எதைக் கொடுக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். கரம் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவன் தன் ஸ்ட்ரைக்கருக்குத் தங்க நிறம் பூசிக்கொண்டு வந்தால் யாருக்கும் நட்டமில்லை. போட்டி விதி அனுமதிக்கும் 15 கிராமைவிடப் பாரமான ஸ்ட்ரைக்கரைக் கொண்டுவந்தால் அது அநியாயம். பப்ஜி மொபைல் என்ற சுடும் விளையாட்டில் விற்கும் உடுப்பும், துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் ஸ்கின்னும் நிறம் பூசுகிற வகை. பார்க்கப் பகட்டாக இருக்கும், குண்டு அதே குண்டுதான். டோட்டா 2 இன்னும் நேர்மையானது. அதில் எல்லாக் கதாபாத்திரங்களும் எல்லோருக்கும் இலவசம், தோற்றத்துக்கு மட்டும்தான் காசு.

ஃப்ரீ ஃபயர் அப்படி இல்லை. அதில் பல துப்பாக்கி ஸ்கின்களுக்குச் சின்னச் சின்னப் பண்புகள் உண்டு. ஒன்றில் சேதம் கூடும், குண்டு மாற்றும் வேகம் குறையும். இன்னொன்றில் சுடும் வேகம் கூடும். ஆக, பிள்ளை சொல்வதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. நண்பர்கள் தனி அறை திறந்து விளையாடும்போது இந்தப் பண்புகளை அணைத்துவிடலாம். நன்றாக விளையாடுகிற பெடியன்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அட்டைகளை இறக்கி மோதும் கிளாஷ் ரோயல் விளையாட்டில் நிலைமை இன்னும் மோசம். அட்டையின் மட்டம் உயர உயர அதன் உயிரும் அடியும் கூடும், அந்த மட்டத்தைக் காசு கொடுத்துச் சீக்கிரம் உயர்த்தலாம். அதே திறமை உள்ள இரண்டு பேர் மோதினால், மட்டம் கூடியவன் கைதான் ஓங்கும். இதை அநியாயம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

சரி, அப்படியானால் நாமும் போட்டுக் கொடுத்தால் சமனாகும்தானே? ஆகாது! இதைத்தான் எவ்வளவு சொன்னாலும் பெற்றோர் கேட்பதில்லை. இந்த விளையாட்டுகள் ஆளைத் தரம் பார்த்துத்தான் மோதவிடுகின்றன. புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு எதிரே வருகிறவர்களில் பலர் மனிதர்களே இல்லை, கணினி இயக்கும் பொம்மைகள். அதனால்தான் ஆரம்பத்தில் பிள்ளை வென்றுகொண்டே இருப்பான். தரம் ஏற ஏற நிஜ ஆட்கள் வருவார்கள், தோல்வி தொடங்கும். அந்த நேரத்தில் கடைப் பக்கம் பளபளவென்று திறக்கும். பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: என்னைச் சுட்டவனிடம் நல்ல ஸ்கின் இருந்தது. தன்னைவிட அவன் நாலு மடங்கு நேரம் பழகியிருப்பான் என்பது கண்ணுக்குத் தெரியாது. காசு போட்டு ஒரு படி ஏறினால், அந்தப் படியில் நிற்பவர்களும் ஏற்கனவே காசு போட்டவர்கள். அடுத்த சீசனில் புதிய துப்பாக்கி வரும், பழையதற்கு மதிப்புப் போய்விடும். சமன் என்று நீங்கள் நினைக்கும் இடத்தை அடைய எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டால் யாராலும் ஒரு தொகை சொல்ல முடியாது. அப்படி ஒரு தொகை கிடையாது.

தொழில்காரனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். "காசு போட்டவன் வெல்றான்" என்று என்னிடம் கொண்டுவரும் போன்களில் பாதிக்கு வேறு வியாதி. மலிவான டிஸ்பிளே மாற்றியிருப்பார்கள், வேகமாகத் தொட்டால் தொடுகை பதியாது. சார்ஜில் போட்டபடி விளையாடி பற்றரி ஊதியிருக்கும். நம்மூர் வெயிலில் போன் கொதித்ததும் அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் திக்கித் திக்கி ஓடும். மாலையில் எல்லோரும் ஒரே சிக்னல் கோபுரத்தில் தொங்கும்போது பிங், அதாவது இணையத்தின் தாமதம், ஏறும். பிள்ளை சுடுமுன் விளையாட்டில் அவனே சுடப்பட்டிருப்பான். இதில் எதையும் டயமண்ட் சரிசெய்யாது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது அதிர்ஷ்டப் பெட்டிகள்மேல்தான். காசு கொடுப்பீர்கள், என்ன வரும் என்று தெரியாது, வேண்டியது வரும்வரை சுழற்ற வேண்டும். 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் சில விளையாட்டுகளின் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வருகின்றன என்று சொல்லிவிட்டது. கிடைக்கும் வாய்ப்பு எத்தனை வீதம் என்று காட்ட வேண்டும் என 2017 கடைசியில் ஆப்பிள் விதி போட்டது. அந்த வீதத்தை ஒரு தடவை பிள்ளையோடு சேர்ந்திருந்து வாசியுங்கள். நான் சொல்லும் நூறு வார்த்தையைவிட அது வேலை செய்யும். ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டின் பொத்தான் அமைப்பே ஆட்களைத் தெரியாமல் வாங்கவைத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட, அதை நடத்தும் எபிக் நிறுவனம் 2022 டிசம்பரில் 24.5 கோடி டொலரைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. பெரியவர்களே ஏமாறும் இடத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு, பிறகு அவனைக் கள்ளன் என்று ஏசாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. வீட்டுச் செலவுப் பணம் வரும் கணக்கின் அட்டையைப் பிள்ளை தொடும் போனில் பதியாதீர்கள். பதிந்திருந்தால் இன்றைக்கே நீக்குங்கள். பிளே ஸ்டோர் அமைப்புகளில், ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் உறுதிப்படுத்தல் கேட்கும்படி மாற்றுங்கள். அம்மாவின் போனில் மகனின் கைரேகையும் பதிந்திருந்தால் அந்தப் பூட்டால் பயனில்லை, அதையும் பாருங்கள். ஐபோன் என்றால் ஸ்கிரீன் டைமுக்குள் போய் ஆப்புக்குள் வாங்குவதையே நிறுத்தலாம். அரை விலைக்கு டயமண்ட் தருகிறேன் என்று கடவுச்சொல்லோ ஓடிபியோ கேட்பவன் திருடன். முறையாக டொப்அப் செய்ய விளையாட்டு ஐடி எண் போதும்.

ஆத்திரத்தில் போனை நிலத்தில் அடிக்க வேண்டாம், தயவுசெய்து. உடைந்த போனில் குடும்பப் படங்களையும் சேர்த்து இழந்தவர்கள் என் மேசைக்கு முன்னால் அழுதிருக்கிறார்கள். தோற்றுவிட்டு வரும் பிள்ளைக்கு அது உண்மையான வலி. யார் சுட்டது, எப்படித் தோற்றாய் என்று பக்கத்தில் இருந்து கேளுங்கள். சிலர் கேட்டார்கள், பிள்ளையே காசைப் பற்றிய கதையை விட்டுவிட்டான். மகன் ஏதாவது வாங்கத்தான் வேண்டும் என்று நின்றால், தோற்றத்துக்கு மட்டுமான ஒரு பொருளை, விலையை முன்கூட்டியே பேசி, பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. காசு போடுகிறவர்கள் இருப்பதால்தான் போடாத பிள்ளைகளுக்கு இலவசமாக விளையாடக் கிடைக்கிறது, அதையும் மறந்துவிடக் கூடாது.

ஏற்கனவே பணம் போயிருந்தால் ஒரு நாளையும் வீணாக்காதீர்கள். வாங்கி 48 மணித்தியாலத்துக்குள் என்றால் கூகுள் பிளேயில் நீங்களே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். உங்களுக்குத் தெரியாத ஒருவர் அட்டையைப் பயன்படுத்தியிருந்தால், 120 நாட்களுக்குள் முறையிட வழி உண்டு. வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்துங்கள். பணம் கழிந்த குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். இந்த அமைப்புகளை மாற்றத் தெரியாவிட்டால் போனை என்னிடம் கொண்டுவாருங்கள், இரண்டு நிமிட வேலை, இதற்கு நான் காசு வாங்குவதில்லை. வரும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.