இருபது ஷாட்டில் தீர்ப்பு எழுதாதீர்கள்

டிசம்பர் வந்தால் போதும், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணிகளிடமிருந்து ஷாட் வரைபடங்கள், அதாவது மைதானத்தில் எங்கிருந்து எறிந்தது எவ்வளவு விழுந்தது என்று வண்ணத்தில் காட்டும் படங்கள், வந்து குவியும். சீசன் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். போன வாரம் வந்ததில் ஒரு பையனுக்கு வலது மூலை சிவப்பு (நன்றாக விழுகிறது), இடது மூலை நீலம் (விழவில்லை). நீலத்தில் மொத்தமே இருபது ஷாட், ஐந்து விழுந்திருக்கிறது. என்னிடம் கேட்பதற்கு முன்பே அவனை அங்கிருந்து மாற்றிவிட்டார்கள். பிறகு எதற்குக் கேட்கிறார்களோ!

மூன்றில் ஒன்று விழும் த்ரீயும் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்) இரண்டில் ஒன்று விழும் இரண்டு புள்ளி ஷாட்டும் சமம். அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இதுதான். உண்மையிலேயே 35 சதவீதத் திறமை உள்ளவன் இருபது முறை எறிந்தால் ஏழு விழ வேண்டும். ஆனால் ஐந்தோ அதற்குக் குறைவோ விழ ஏறக்குறைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒன்பதோ அதற்கு மேலோ விழவும் கிட்டத்தட்ட அதே வாய்ப்பு. ஆக, கை துளியும் மாறாத அதே ஆள் ஏறக்குறைய பாதித் தடவை 25 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ, இல்லை 45 சதவீதமோ அதற்கு மேலாகவோ தெரிவான். நூறு ஷாட் ஆனாலும் ஐந்து சதவீதம் ஏறி இறங்குவது சகஜம். முப்பது சொச்சம் ஆட்டத்தில் ஒரே மூலையிலிருந்து நூறு ஷாட் எறிபவன் யார்? இதைச் சொன்னால், “அங்கே அவன் தடுமாறுவதைக் கண்ணால் பார்த்தேனே” என்பார்கள். வரைபடத்தைப் பார்த்த பிறகு பார்த்த பார்வை அது.

தடுப்பாட்டத்திலும் இதே கதை. எதிரணி எத்தனை த்ரீ எறிகிறது என்பதில்தான் உங்கள் பிடி அதிகம், எத்தனை விழுகிறது என்பதில் குறைவு. கல்லூரிக் கூடைப்பந்துப் புள்ளிவிவர ஆய்வாளர் கென் பொமராய் இதைப் பல வருடங்களாக எழுதி வருகிறார்.

அடுத்த வியாதி, தொழில்முறை லீக்கான என்பிஏவின் படத்தைப் பார்த்து மூலை த்ரீயை அப்படியே நகலெடுப்பது. அங்கே வளையத்திலிருந்து த்ரீ கோடு நடுவில் 7.24 மீட்டர், மூலையில் 6.70, மூலைக்குப் போனால் அரை மீட்டருக்கு மேல் தூரம் மிச்சம். கல்லூரியில் நடுவில் 6.75, மூலையில் 6.60. பதினைந்து சென்டிமீட்டருக்காக ஆட்டத்தையே மூலைக்குத் திருப்பாதீர்கள்.

படத்தில் தூரத்தை ஒவ்வோர் அடியாகப் பிரிக்காதீர்கள். வளையத்தடி, நடுத்தூரம், த்ரீ என்று மூன்று பிரிவு போதும். ஒவ்வொரு சதவீதத்துக்கும் பக்கத்தில் ஷாட் எண்ணிக்கையைப் போடுங்கள். எண்ணிக்கை இல்லாத படத்தை நான் திறப்பதே இல்லை. பல இடங்களில் ஷாட் நடந்த இடத்தை ஒருவர் ஓரத்தில் உட்கார்ந்து கையால்தான் குறிக்கிறார், அதையும் மனதில் வையுங்கள். பல வருடத் தரவைச் சேர்க்கிறீர்கள் என்றால், கல்லூரி ஆட்டத்தின் உயர்மட்டமான ஆண்கள் முதல் டிவிஷனில் 2019-20-க்கு முன் த்ரீ கோடு 6.32 மீட்டரில் இருந்தது. பெண்களுக்கு 2021-22-இல்தான் பின்னால் போனது. அதற்கு முந்தைய த்ரீக்களைத் தனியாக வையுங்கள்.

தயவுசெய்து அந்த வண்ணப் படங்களை வீரர்கள் உடை மாற்றும் அறையில் மட்டும் ஒட்டாதீர்கள். பத்தொன்பது வயதுப் பையன் தன் பெயருக்குக் கீழே நீலத்தைப் பார்த்துவிட்டால், ஆளில்லாமல் நிற்கும்போதுகூட எறியத் தயங்குவான்.